தாமஸைக் கூப்பிட்ட குரல்

எங்கள் வீட்டுப் பட்டாசலில் எந்த நேரம் நுழைந்தாலும் முதலில் மூக்குக்கு வந்து சேருவது பீடி இலை வாசனைதான். முந்தின ராத்திரியே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலையைக் காலையில் பிரித்தால் காடும் மழையும் சேர்ந்து வீட்டுக்குள் வரும். அதற்குப் பின்னாலேயே தொண்டையில் போய் உட்காரும் தூளின் காரம், அதற்கும் பின்னால் அடுப்பங்கரையில் கொதிக்கிற கருப்பட்டிக் காப்பி. சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மடியில் சொளவை வைத்துக்கொண்டு ஆச்சி, சின்ன அத்தை, மேல வீட்டுப் பெரியம்மை, எதிர்வீட்டு மதினி என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தகட்டை வைத்து இலை வெட்டுகிற கத்தரிக்கோலின் சத்தமும், நூலைச் சுற்றி இழுத்து அறுக்கிற மெல்லிய சத்தமும், நடுவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்கிற பேச்சும் இல்லாமல் அந்தப் பட்டாசலை என்னால் இப்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண்களின் கை கண்ணை நம்பி வேலை செய்வதில்லை. இலை, தூள், நூல் மூன்றையும் விரல்களே பார்த்துக்கொள்ளும். கண் சும்மாதான் இருக்கும். அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்கத்தான் சின்ன அத்தை சீட்டுப் பணத்தில் டிவி வாங்கினாள். கதவு வைத்த மரப்பெட்டிக்குள் இருந்த கறுப்பு வெள்ளை டிவி. ஊருக்குள் கேபிள் வந்த கொஞ்ச நாளில் எங்கள் வேப்பமரத்தின் மேலாகவும் ஒரு கறுப்பு ஒயர் தொங்கிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கழற்றி எறிந்துவிட்டு, காப்பித் தம்ளரோடு டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டேன் என்றால், சீரியல் தொடங்குகிற வரைக்கும் அது என் ராஜ்யம். கார்ட்டூன் நெட்வொர்க் தவிர வேறெதுவும் ஓடாது. பெரியவர்கள் யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை. பேச்சு இல்லாத படம், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டாம், பூனை விழுந்தால் சிரிக்கலாம், எலி தப்பித்தால் சந்தோஷப்படலாம். பீடி சுற்றுகிற கைக்கு அதைவிடத் தோதான படம் கிடையாது என்று மதினி சொல்வாள்.

டாம் அண்ட் ஜெர்ரி எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்த கதை பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் டெட் டர்னர் என்கிறவர் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பழைய படச் சுருள்களை 1986-இல் மொத்தமாக வாங்கினார். வாங்கிய குறும்படங்களையெல்லாம் நாள் முழுக்க ஓட்டலாம் என்று 1992-இல் அங்கே ஒரு சேனல் ஆரம்பித்தார். 1995-இல் அது இந்தியாவுக்கு வந்தது. சினிமாக் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் ஏழெட்டு நிமிடம் ஓட்டுவதற்காக 1940-களில் கையால் வரைந்த சிரிப்புப் படங்கள், ஐம்பது வருஷம் கழித்து ஆலங்குளம் பக்கத்து ஊர் ஒன்றில், வீட்டுப் பட்டாசலில், புகையிலைத் தூளுக்கு நடுவில் ஓடின. வரைந்தவர்கள் எங்களை நினைத்து வரைந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் அந்தப் படங்களுக்குள் எங்களுக்கு ஒரு சொந்தக்காரி இருந்தாள்.

முதலில் காலடிச் சத்தம்தான் வரும். அந்தச் சத்தத்திலேயே தரை குலுங்கும், பூனை எழுந்து நிற்கும். பிறகு தேய்ந்த செருப்பு, கணுக்காலில் சரிந்து நிற்கும் காலுறை, தடித்த கறுத்த கால்கள், மேலே ஏப்ரன், கையில் நீளக் கம்புத் துடைப்பம். படம் இடுப்போடு நின்றுவிடும். அதற்கு மேலே இருந்து ஒரு குரல் மட்டும் இறங்கி வரும். நல்ல கனமான, பாட்டுக்காரியின் குரல். "தாமஸ்!" என்று அது கூப்பிடுகிறபோது சொளவுகள் அப்படியே நிற்கும்.

"பூனைக்குப் பேரு தாமஸாம்ட்டீ. நம்ம தபால்காரர் பேரு" என்றாள் பெரியம்மை.

"வேதக்காரப் பூனை போல" என்றாள் ஆச்சி.

அன்றிலிருந்து அந்த அம்மாளுக்குத் 'தாமசம்மா' என்று பேராகிவிட்டது. தாமசம்மா வருகிற படம் என்றால் காப்பி வைக்க எழுந்தவர்கள்கூடத் திரும்பி வந்து உட்காருவார்கள். தாமசம்மா வராத படம் அவர்களுக்கு அரைப் படம்தான். அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று எலிக்குப் பயந்து கத்துகிறது மட்டும் ஆச்சிக்குப் பிடிக்காது. "இம்புட்டு வளத்தி உள்ளவ இத்துனூண்டு எலிக்குப் பயப்படுவாளாக்கும்" என்று டிவிக்காரனைத் திட்டுவாள். ஆச்சி எலியை வாரியலால் ஒரே அடியில் அடிப்பவள்.

அந்தப் பட்டாசலில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. அந்த வீடு யாருடையது என்று.

"வீட்டுக்காரிதான்" என்பாள் சின்ன அத்தை. "பூனைய வெளிய போன்னு சொல்லுதா பாரு. வேலைக்காரி அப்பிடிச் சொல்ல முடியுமா?"

"இம்புட்டுப் பெரிய பங்களாக்காரி தானே குனிஞ்சு தரையத் தொடைப்பாளா?" என்று பெரியம்மை கேட்பாள்.

"ஏன், நம்ம வீட்ட நாமதான தொடைக்கோம்?" என்று ஆச்சி ஒரு வார்த்தை போடுவாள்.

நான் அத்தை கட்சி. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் வேலைக்கு ஆள் கிடையாது. பெருக்குகிறவள் எவளோ அவள்தான் வீட்டுக்காரி. என் ஏழெட்டு வயசு உலகத்தில் அதற்கு விதிவிலக்கே இல்லை. அதனால் தாமசம்மாதான் அந்தப் பங்களாவுக்குச் சொந்தக்காரி, அவளுக்குப் பெரிய பிரிட்ஜும் மாடிப்படியும் பியானோவும் இருக்கிறது, எங்கள் ஆச்சி மாதிரிக் காலும் இருக்கிறது என்று நான் மனமார நம்பினேன். கறுத்த காலோடு ஒரு பெண் அத்தனை பெரிய வீட்டை ஆளுவது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வேன்! டிவியில் வேறெங்கும் அந்த நிறத்தில் ஒரு வீட்டுக்காரியை நான் பார்த்ததில்லை. கார்ட்டூனுக்கு நடுவில் வருகிற சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தில், மாநிறமான முகங்கள் வரிசையாக வெளுத்துக்கொண்டே போகும்.

"அவ மூஞ்சிய மட்டும் ஏன் காட்ட மாட்டேங்கான்?" என்று முதலில் கேட்டது சின்ன அத்தைதான். அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் தாமசம்மா வந்து நின்ற நேரம் பார்த்து, டிவிக்குக் கீழே தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, கீழிருந்து மேலே பார்த்தேன். கீழே இருந்து பார்த்தால் ஏப்ரனுக்கு மேலே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. குளிர்ந்த சிமெண்டுத் தரை, மூக்கில் ஏறிய தூள், அடுக்கடுக்காகத் தும்மல்.

"தரையில மோந்து என்னத்தட்டி தேடுத?" என்றாள் ஆச்சி.

"தாமசம்மா மூஞ்சி."

பட்டாசலே சிரித்தது. பெரியம்மைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை மட்டும் சிரிக்காமல், "தெரிஞ்சிச்சாட்டீ?" என்று கேட்டாள். இதற்காகவே எனக்கு அத்தையை அவ்வளவு பிடிக்கும்.

அந்த வழக்கில் தீர்ப்பு என்னவாக இருந்திருக்க வேண்டும் என்பதை, வேலைக்குப் போய்ச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு நானே தேடிப் படித்தேன். தாமசம்மாவுக்கு 'மேமி டூ ஷூஸ்' என்று பெயர். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 பிப்ரவரியில் வெளியிட்ட முதல் படமான 'பஸ் கெட்ஸ் த பூட்'-இலேயே அவள் இருக்கிறாள். அதில் பூனையின் பெயர்கூட டாம் இல்லை, ஜாஸ்பர். இன்னொரு சாமான் உடைந்தால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவேன் என்று அவள் சொல்லுவதும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த எலி கண்ணாடித் தம்ளரைத் தூக்கிக்காட்டிப் பூனையை மிரட்டுவதும்தான் கதை. மொத்தக் கதையும் அவளுடைய ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. ஆனால் வரைந்தவர்கள் அவளை வீட்டுக்காரியாக நினைத்து வரையவில்லை. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் கறுப்பினப் பெண்ணுக்கென்று ஒரு அச்சு இருந்தது. பருத்த உடம்பு, ஏப்ரன், அதட்டுகிற வாய், வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறை. அந்த அச்சில் வார்த்த வேலைக்காரிதான் அவள். முதல் படத்தில் ஒரு சின்னச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது அவள் தப்பாகச் சொல்லுவாள். படிக்காதவள் என்று கொட்டகை சிரிப்பதற்காக வைத்த இடம் அது. எங்கள் பட்டாசலில் யாருக்கும் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியாது. அதனால் அந்தக் கேலி எங்களிடம் வந்து சேரவே இல்லை.

அதே பிப்ரவரி மாதத்தின் கடைசி நாளில், 'கான் வித் த விண்ட்' படத்தில் அப்படியொரு மேமியாக நடித்ததற்காக ஹாட்டி மெக்டேனியலுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் வாங்கிய முதல் ஆஸ்கர். விருது நடந்த ஹோட்டலில் அவரைப் படக்குழுவோடு உட்காரவிடாமல் சுவரோரமாகத் தனி மேஜை போட்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. விருதும் உண்டு, தனி மேஜையும் உண்டு. தாமசம்மாவின் குரலும் உண்டு, முகம் மட்டும் கிடையாது.

அந்தக் குரல் லில்லியன் ராண்டால்ஃப் என்ற நடிகையுடையது. வானொலிக் காலத்தில் அமெரிக்க வீடுகளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். 'த கிரேட் கில்டர்ஸ்லீவ்' என்ற நாடகத்தொடரில் பேர்டி என்கிற சமையல்காரியாக வருஷக்கணக்கில் பேசியவர். 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்திலும் அவர் உண்டு, அங்கேயும் வீட்டு வேலைக்காரிதான். டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் எதிலும் அவர் பெயர் வராது. அவற்றில் ஏழு ஆஸ்கர் வாங்கின. வெடிச் சத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் இசை அமைத்த ஸ்காட் பிராட்லியின் பெயர் பெரிதாக வரும். 'தாமஸ்' என்று கூப்பிட்டுப் பூனையையும் கொட்டகையையும் ஒருசேர எழுப்பி நிறுத்தியவரின் பெயரை மட்டும் எழுத இடம் இல்லாமல் போனது.

பூனையின் உயரத்தில் கேமராவை வைத்தால் மனிதர்களின் கால்தான் தெரியும், அதனால்தான் முகம் இல்லை என்று சொல்லுவார்கள். நல்ல காரணம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் படங்களின் அழகே அந்தத் தரையோரப் பார்வையில்தான் இருக்கிறது. சோபாவுக்கு அடியிலும் கம்பள ஓரத்திலும் நாம் எலியோடு ஓடுகிறோம். ஆனால் 1956-இல் 'பிஸி படீஸ்' என்ற படத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு, அதே பூனைக்கு முன்னால், முழு முகமும் வந்துவிடுகிறது. அவள் நிம்மதியாக உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்தப் படங்களில் இருந்து வேறொன்றும் வந்தது. குண்டு வெடித்துப் புகை விலகினதும் டாமின் முகம் கரியாகி, உதடு தடித்து, தலையைச் சுற்றி முடி முடிச்சாகி நிற்கும். ஒரு கண் சிமிட்டல்தான், அடுத்த காட்சிக்குப் போய்விடும். மறுநாள் இடைவேளையில் பையன்கள் அதை நடித்துக்காட்டுவார்கள். நடித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்ப்பார்கள். வகுப்பில் நான்தான் கறுப்பு. "வெடிச்சிட்டாடா" என்பார்கள். அன்றைக்கெல்லாம் சாயங்காலம் டிவி போடாமல் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டின இலையை அடுக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். அத்தை ஒன்றும் கேட்க மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "தாமசம்மா வந்திருப்பாட்டீ, போடு" என்பாள்.

அந்தக் கரிமுகம் டாமுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் கார்ட்டூன் பிறந்ததற்கும் முன்னால் போக வேண்டியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்து, கறுப்பின மக்களைப் போல ஆடிப் பாடிச் சிரிப்பு மூட்டிய மின்ஸ்ட்ரல் என்ற மேடைக் கூத்து இருந்தது. சத்தப் படம் வந்த புதிதில் கார்ட்டூன்காரர்கள் அந்தக் கூத்தை அப்படியே காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். வார்னர் நிறுவனத்தின் லூனி ட்யூன்ஸ் வரிசை 1930-இல் தொடங்கியது போஸ்கோ என்ற பொம்மையை வைத்துத்தான். அதை வரைந்தவர் 1928-இல் பதிவு செய்தபோது 'கறுப்பினச் சிறுவன்' என்றே எழுதியிருக்கிறார். மிக்கி மவுஸ் 1929-இல் மாட்டிக்கொண்ட வெள்ளைக் கையுறைக்கும் அந்தக் கூத்துக்கும் உறவு சொல்லுகிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. கறுத்த உடம்புக்கு முன்னால் கறுத்த கை தெரியாமல் போய்விடும் என்பது வரைபவர்கள் சொன்ன காரணம். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஃப்ளெய்ஷர் சகோதரர்களின் பழைய பெட்டி பூப் படங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் சேர்ந்து புரிந்தது. 1932-இல் வந்த 'மின்னி த மூச்சர்' படத்தின் ஆரம்பத்தில் கேப் கேலோவே என்கிற கறுப்பினப் பாடகர் தன் இசைக்குழுவுக்கு முன்னால் நிஜ உருவத்தில் நிற்கிறார். வழுக்கிக்கொண்டே நடப்பது போல ஒரு ஆட்டம், எலும்பே இல்லாத உடம்பு. பிறகு கார்ட்டூனுக்குள் போனதும் குகையில் தந்தம் வைத்த ஒரு வால்ரஸ் பேயாக வந்து பாடுகிறது. அதன் ஒவ்வொரு அசைவும் கேலோவேயின் அசைவு. அவரைப் படம் பிடித்து, பிரேம் பிரேமாக மேலே காகிதம் வைத்து வரைந்து எடுத்தது. அந்த வால்ரஸின் இடுப்பைப் பாருங்கள், அதைவிட அழகான ஆட்டத்தை நான் எந்தக் கார்ட்டூனிலும் பார்த்ததில்லை. அதே வருஷம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கையும் கூப்பிட்டார்கள். அவருடைய ட்ரம்பெட்டையும் கரகரத்த குரலையும் வாங்கிக்கொண்டு, தலையை மட்டும் வெட்டி எடுத்து, காட்டுக்குள் ஆளைத் துரத்துகிற நரமாமிசக்காரனின் தலையாக வானத்தில் பறக்கவிட்டார்கள். பாட்டு வேண்டும், தாளம் வேண்டும், நடை வேண்டும், குரல் வேண்டும். முகம் என்று வரும்போது பேயாக்கு, காட்டுமிராண்டியாக்கு, இல்லையென்றால் இடுப்போடு வெட்டு. அந்தக் காலத்துச் சிரிப்புப் படங்கள் பாதி கறுப்பின மக்களின் இசையில்தான் ஓடின. அதைப் பார்க்கப் போன கறுப்பினக் குடும்பங்கள் தெற்கு மாநிலங்களின் கொட்டகைகளில் பின்வாசல் வழியாக ஏறி மேல்மாடியில் உட்கார வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுவிடவும் முடியாது. என் தம்பிக்குப் பிடித்தது ஸ்பீடி கொன்சாலஸ், பெரிய தொப்பி வைத்த மெக்சிகோ எலி. மெக்சிகோக்காரர்களைக் கேலி செய்கிறது என்று 1999-இல் அமெரிக்காவில் சேனல்காரர்கள் அதை நிறுத்திவைத்தார்கள். வேண்டும் என்று கேட்டவர்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரே நிறையப்பேர். அவன் புத்திசாலி, வேகக்காரன், எங்கள் ஆள் என்றார்கள். 2002-இல் திரும்ப வந்தது. யாரை வரைந்தார்களோ அவர்களைக் கேட்டு முடிவு செய்ததில் எனக்கு மிகுந்த திருப்தி.

தாமசம்மா விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 1940-களின் கடைசியில் கறுப்பின உரிமைச் சங்கங்கள் இந்த மாதிரி உருவங்களை எதிர்த்துப் பேசின. பேசியது நூற்றுக்கு நூறு நியாயம். 1952-இல் 'புஷ் பட்டன் கிட்டி' என்ற படத்தோடு அவள் வருவது நின்றது. வீட்டுப் பூனைக்குப் பதிலாக இயந்திரப் பூனை வாங்குகிற படம். 1960-களில் பழைய படங்களை டிவிக்குக் கொடுக்கும்போது, சிலவற்றில் அவளை அழித்துவிட்டு அதே இடத்தில் ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்து ஒட்டி, ஜூன் ஃபொரே என்ற நடிகையின் குரலைச் சேர்த்தார்கள். 1990-களில் டர்னர் நிறுவனம் அவளை இருக்கவிட்டு, பேச்சுவழக்கை மட்டும் திருத்தி, தியா விடேல் என்ற கறுப்பின நடிகையைப் பேசவைத்தது. வெள்ளைக் கால் ஒட்டிய படம் ஒன்றை நான் தேடிப் பார்த்தேன். பூனை அதே பூனை, எலி அதே எலி. காலடி விழுந்தது, தரை குலுங்கவில்லை. முகத்தைத் தராதவர்கள் இப்போது காலையும் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அழிப்பது எப்படிப் பரிகாரமாகும்? பின்னாளில் டிவிடி போட்டபோது, ஊப்பி கோல்ட்பெர்க் முன்னால் வந்து, இந்தப் படங்களில் தப்பு இருக்கிறது, அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு, ஆனால் மறைத்தால் நடக்கவே இல்லை என்றாகிவிடும் என்ற பொருளில் பேசிவிட்டுப் படத்தைக் காட்டினார். எனக்கு அந்த வழிதான் சரியென்று படுகிறது.

சனிக்கிழமை பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அது பீடிச் சம்பள நாள். காலையிலேயே கட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போவார்கள். சின்ன அத்தைக்கு அவள் பேரில் பாஸ் புக் கிடையாது. அவள் சுற்றுகிறதும் பெரியம்மையின் பாஸ் புக்கில்தான் ஏறும். சம்பளத்தைப் பிரித்துக்கொண்டு, குளித்து, தலையில் பூ வைத்து, சாயங்காலம் டவுனுக்குக் கிளம்புவார்கள். அப்படி அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு நேரத்தில்தான் 'சாட்டர்டே ஈவ்னிங் பஸ்' ஓடியது. அதற்குள் கலர் டிவி வந்துவிட்டது. தாமசம்மாவும் சிங்காரித்துக்கொண்டு சீட்டாடப் போகிறாள். "நம்மள மாதிரியே கெளம்பிட்டா பாரு" என்று மதினி ஜடையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். வீட்டில் பூனைகள் சேர்ந்து கச்சேரி வைக்கின்றன, தூக்கம் கெட்ட எலி போன் போட்டு அவளிடம் சொல்லிவிடுகிறது, அவள் தெருவில் ஓடி வருகிறாள். அப்போதுதான் அத்தை கத்தினாள். "மூஞ்சி தெரிஞ்சிட்டு! எட்டி, மூஞ்சி தெரிஞ்சிட்டு!"

வேறு யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, ரிப்பன் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பெரியம்மை நம்பவில்லை. ஆச்சி, "இவளுக்கு எப்பமும் இப்பிடித்தான்" என்றாள். டிவியைப் பின்னால் ஓட்டிப் பார்க்க வழியில்லை. அத்தை சத்தியம் செய்தாள், யாரும் காதில் வாங்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிறகு நானும் அத்தையும் அந்தப் படத்துக்காக எத்தனையோ சாயங்காலங்கள் காத்திருந்தோம். வந்தபோதெல்லாம் அந்த இடத்தில் கரண்ட் போகும், இல்லையென்றால் யாராவது குறுக்கே போவார்கள்.

அத்தை பார்த்தது உண்மைதான். அந்த 1950-ஆம் வருஷத்துப் படத்தை நான் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அவள் நம்மை நோக்கி ஓடி வருகிறபோது, கண் இமைக்கிற நேரத்துக்கு, முகம் முழுசாக இருக்கிறது. வேகத்துக்காக வரைந்த முகம், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்து வரைந்ததாக இருக்கும். பீடி சுற்றிச் சுற்றிச் சும்மா இருக்கப் பழகிய கண் அதைப் பிடித்துவிட்டது. அந்தப் பிரேமை நிறுத்தி, படம் எடுத்து, அத்தைக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அத்தைக்கு இப்போது கண் முன்போல் இல்லை, கையில் நூல் அறுத்த தழும்புகள் அப்படியே இருக்கின்றன. பீடி விட்டு நாளாகிவிட்டது. அவள் பேரில் பாஸ் புக் இல்லாததால் பென்ஷனும் இல்லை.

"பாத்தியா, நான் சொன்னம்லா" என்றாள். பிறகு, "பேசினவ பேரு போட்டிருக்காவளா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பேர் என்ன என்று கேட்டாள், சொன்னேன். லில்லியன் ராண்டால்ஃப். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "லில்லியா. நல்ல பேரு" என்றாள். அவளுடைய அக்கா அமாண்டாவும் நடிகைதான் என்று சொன்னேன். அக்கா தங்கச்சி இரண்டு பேருமா என்று சந்தோஷப்பட்டாள்.

"எட்டி, போட்டோ எதுக்கு? அவ பேசுதது அனுப்பு. எனக்கு அதுதான் வேணும்."

அன்றைக்கே முதல் படத்தை அனுப்பினேன், லில்லியன் ராண்டால்ஃபின் குரலே இருக்கிற படம். சாமான்களெல்லாம் உடைந்து, பூனையை வாலைப் பிடித்து அவள் வெளியே இழுத்துக்கொண்டு போகிறவரைக்கும் அத்தை பார்த்திருக்கிறாள். ராத்திரி மறுபடி கூப்பிட்டாள். பெரியம்மையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"ஒங்க பெரியம்ம இன்னும் வேலைக்காரிங்கா. நான் விடல. மொதப் படத்துலயே வெளிய போன்னு சொல்லுதாளே, வீடு அவ வீடுதான்" என்றாள் அத்தை. பின்னால் பெரியம்மை மறுத்துப் பேசுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.